மூன்றாவது கொக்கியில் தொங்கிய கேபிள்

உரிமம் இல்லாத ஒருவர் கடை திறந்து மவுஸ் விற்க ஆரம்பித்தால் நாட்டின் கதி என்ன ஆகும் என்பதைப் பெரியவர்கள் வெகு காலத்துக்கு முன்பே யோசித்து வைத்துவிட்டார்கள். ஆகவே மூன்று வருடத்துக்கு ஒருமுறை ஒவ்வொரு கடைக்காரரும் தொழில் உரிமத்தைப் புதுப்பித்து, கடைச் சுவரில் மாட்டிவைக்க வேண்டும். கெடு முடியும் நாள் மாலை ஐந்து மணிக்குச் சுவரில் புது உரிமம் இல்லையென்றால் கதவில் சீல். இதில் யாருக்கும் மனத்தாங்கல் கிடையாது. சட்டம் என்று ஒன்று இருந்தால் பூட்டு என்றும் ஒன்று இருக்கத்தானே வேண்டும்.

ஒரேவிலையும் அப்படித்தான் நினைத்திருந்தார். ஒரேவிலை என்பது தெரு வைத்த பெயர். உரிம அலுவலகத்துக்கு நேர் எதிரே, சாலையைக் கடந்தால் பன்னிரண்டு எட்டு வைக்கும் தூரத்தில், பத்தடிக்கு எட்டடியில் அவர் கடை. சுவர் முழுக்கக் கொக்கிகள். முதல் கொக்கியில் சார்ஜர், இரண்டாவதில் இயர்போன், மூன்றாவதில் பிரிண்டர் கேபிள், அப்புறம் மவுஸ், கீபோர்டு, பென்டிரைவ் என்று கூரை வரை போகும். ஒவ்வொன்றின் கழுத்திலும் ஒரு சின்ன அட்டை. அட்டையில் ஒரே ஓர் எண்.

யாராவது "கொஞ்சம் பார்த்துப் போடுங்க" என்றால் அவர் சொல்லும் பதிலும் ஒன்றே ஒன்றுதான். "நூறுக்குத் தர முடிஞ்சா நூறுன்னே எழுதியிருப்பேனே."

இப்படிப் பேசுகிறவரிடம் யார் வாங்குவார்கள்? பக்கத்துக் கடைத் தையற்காரர் ஒன்பது வருடமாக அவரோடு ஒரே கெட்டிலில் தேநீர் குடிக்கிறார். ஆனால் ஒரு சார்ஜர் வாங்கியதில்லை. வந்து எடுத்துப் பார்ப்பார், போனில் படம் பிடிப்பார், அதே பொருள் வேறெங்காவது எத்தனை சதவீதம் தள்ளுபடியில் கிடைக்கிறது என்று அரை நாள் தேடுவார். கேட்டால், "உங்ககிட்ட எப்ப வந்தாலும் அதே விலைதானே. அவசரமே இல்லையே" என்பார். நியாயம்தான்.

உரிமம் முடிய ஐந்து நாள் இருந்தது. நாற்பது நாளைக்கு முன்பே விண்ணப்பம் கொடுத்து, கட்டணம் கட்டி, கடையின் நீள அகலத்தை அளந்து கொடுத்தாகிவிட்டது. ஒரேவிலை சாலையைக் கடந்து எழுத்தரின் மேஜை முன் போய் நின்றார்.

எழுத்தரின் கழுத்தில் பெரிய ஹெட்போன் தொங்கியது. அதன் வயர் எதிலும் சொருகப்படாமல் மடியில் கிடந்தது. மேஜையில் இருந்த கீபோர்டு ஏழு வண்ணத்தில் கண் சிமிட்டியது.

"சார், என் உரிமம்…"

"உங்க உரிமம் தயார்ண்ணே. அனுமதி ஆயிடுச்சு, எண் விழுந்துடுச்சு. பாக்குறீங்களா?" என்று எழுத்தர் கணினித் திரையைத் திருப்பிக் காட்டினார்.

உரிமம் திரையில் அழகாக இருந்தது. ஒரேவிலையின் புகைப்படம் கூட அவரைவிட நிம்மதியாகத் தெரிந்தது.

"அப்ப கையில குடுத்துடுங்க சார்."

"உள்ள இருக்கு. வெளியில வரணும். பிரிண்டர் நல்லா இருக்கு, பேப்பர் இருக்கு, மை இருக்கு. கம்ப்யூட்டரையும் பிரிண்டரையும் சேர்க்கிற கேபிள்தான் போன மாசம் செத்துப் போச்சு."

ஒரேவிலைக்கு உயிர் வந்தது. "கேபிளா? நம்ம கடையில இருக்கு சார். இங்கேருந்தே தெரியும் பாருங்க, மூணாவது கொக்கி."

எழுத்தர் ஜன்னல் பக்கம் கழுத்தை நீட்டினார். "தெரியுதே. நல்ல கேபிள். நானும் தினம் பாத்துக்கிட்டுத்தான் இருக்கேன்."

"நூத்தி இருபதுதான்."

"அங்கதான் இடிக்குது."

"அதிகமா இருக்கா சார்?"

"அதிகம், கம்மி எல்லாம் நான் கேக்கல. தள்ளுபடி எவ்வளவு?"

"தள்ளுபடி கிடையாது. விலையே அதுதான்."

எழுத்தர் பெருமூச்சு விட்டு, இழுப்பறையிலிருந்து ஒரு காகிதத்தை எடுத்து, எழுந்து நின்று படித்தார். அந்தக் காகிதத்தை உட்கார்ந்துகொண்டு படிப்பது வழக்கமில்லை போலும். "மேற்படி அலுவலகங்கள் சிறு மின்னணுப் பொருள்களையும் கணினித் துணைக்கருவிகளையும் கொள்முதல் செய்யுங்கால், சிக்கனத்தைக் கருத்திற்கொண்டு, ஐம்பது விழுக்காட்டுக்குக் குறையாத தள்ளுபடி உள்ள இடத்தில் மட்டுமே கொள்முதல் செய்து, அதனால் விளைந்த சேமிப்பை மாதந்தோறும் அறிக்கையாகச் சமர்ப்பிக்க வேண்டியது."

"புரியல சார்."

"ஐநூறு போட்ட பொருளை இருநூத்தம்பதுக்கு வாங்கினா இருநூத்தம்பது சேமிப்பு. உங்ககிட்ட நூத்தி இருபதுக்கு வாங்கினா சேமிப்பு பூஜ்யம். பூஜ்யத்தை மேல அனுப்பினா எங்க கண்காணிப்பாளர் மேடத்துகிட்ட விளக்கம் கேப்பாங்க."

"ஆனா கையிலேருந்து போற காசு கம்மியாச்சே சார்."

"எவ்வளவு குடுத்தோம்னு எழுத இந்தப் படிவத்துல கட்டமே கிடையாதுண்ணே. எவ்வளவு மிச்சம்னுதான் கேட்டிருக்கு."

ஒரேவிலை அப்போதுதான் அலுவலகத்தைச் சரியாகப் பார்த்தார். சுவரோரம் அறுபது மவுஸ் பேடு அடுக்கியிருந்தது. அதன் மேல் அலுவலகத்தின் ஒரே மவுஸ் ஓய்வெடுத்துக்கொண்டிருந்தது. பதினோரு வெப்கேமராக்கள் பிரிக்காத பெட்டியோடு கோப்பு அலமாரிக்கு முட்டுக் கொடுத்திருந்தன. எத்தனை அடி நடந்தோம் என்று எண்ணும் கைக்கடிகாரங்கள் ஊழியருக்கெல்லாம் எண்பது சதவீதத் தள்ளுபடியில் வந்திருந்தன. அரை மணிக்கு ஒருதரம் அவை 'எழுந்து நடங்கள்' என்று கூவியதால் வேலைக்கு இடைஞ்சலாகி, எல்லாவற்றையும் மின்விசிறியின் இறக்கையில் கட்டிவிட்டார்கள். அந்த மாதம் அலுவலகத்தில் அதிகம் நடந்தது மின்விசிறிதான்.

"கேபிளும் வாங்காம இல்ல. எழுபது பர்சென்ட்ல மூணு தடவை வாங்கினோம்" என்றார் எழுத்தர். "முதல்ல வந்ததுல இந்த முனை சேந்துச்சு, அந்த முனை சேரல. ரெண்டாவதுல அந்த முனை சேந்துச்சு, இந்த முனை சேரல. மூணாவதுல ரெண்டும் சேந்துச்சு, நீளம் ஒரு சாண்."

"பிரிண்டரைக் கொஞ்சம் கிட்ட நகத்தினா?"

"மேஜை நாற்காலி நகத்துறது வேற பிரிவு."

ஒரேவிலை யோசித்தார். "சார், காசே வேண்டாம். சும்மா தர்றேன். வெச்சுக்குங்க."

"சும்மான்னா நூறு பர்சென்ட் தள்ளுபடி. படிவத்துல ரெண்டு இலக்கத்துக்குத்தான் கட்டம் இருக்கு. தொண்ணூத்தொம்பது வரைக்கும்தான் ஏறும்."

"அப்ப தொண்ணூத்தொம்பதுன்னு போடுங்க."

"தொண்ணூறுக்கு மேல போனா பொருள்ல பழுது இருக்கலாம்னு சந்தேகம். ஆய்வுக்குழு பாக்கணும். குழு அடுத்த வருஷம் கூடுது."

"சரி, இரவலாவது வாங்கிக்குங்க. என் உரிமத்தை மட்டும் அடிச்சுட்டுத் திருப்பிக் குடுத்துடுங்க."

"வெளியாள் பொருளை அலுவலக இயந்திரத்துல சொருக அனுமதிப் படிவம் ஒண்ணு இருக்கு." எழுத்தர் குரலைத் தாழ்த்திக்கொண்டார். "அதை அச்சடிக்கணும்."

இதற்கு மேல் மனிதன் என்ன செய்வான். கடைசியாக ஒன்று கேட்டார். "எனக்கு உரிமம் அச்சடிக்கவே வழியில்ல. அப்ப சீல் வைக்கிற நோட்டீஸையும் அச்சடிக்க முடியாதுல்ல?"

"சீலுக்கு எதுக்குண்ணே அச்சு? அரக்கும் மெழுகுவத்தியும் போதும். அது எப்பவும் இருப்பு உண்டு."

கடையில் அவர் மனைவி சார்ஜர்களை ஒவ்வொன்றாகச் சொருகி, விளக்கு எரிகிறதா என்று பார்த்துக்கொண்டிருந்தாள். சோதிக்காத பொருள் அந்தக் கடையில் கொக்கி ஏறாது. நடந்ததை எல்லாம் கேட்டாள். கடைசி சார்ஜரைச் சொருகிவிட்டுச் சொன்னாள்:

"கையில வெண்ணெயை வெச்சுக்கிட்டு நெய்க்கு அலையுறாங்க. அவங்களுக்கு வேண்டியது கேபிள் இல்லைங்க, ஒரு கோடு. இருநூத்தி நாப்பதுன்னு எழுதுங்க. அது மேல ஒரு கோடு கிழிங்க. கீழ நூத்தி இருபதுன்னு எழுதுங்க. முடிஞ்சுது."

"இருநூத்தி நாப்பதுக்கு நான் என்னைக்கு வித்தேன்?"

"அதான் கோடு போட்டு அடிச்சுடுறீங்களே."

"இல்லாத விலையை எழுதி, அப்புறம் அதை அடிக்கிறதா? பொய்யைச் சொல்லிட்டு அதை மறுக்கிற மாதிரி இல்ல இருக்கு."

"மறுத்துட்டா உண்மைதானே?"

ஒரேவிலைக்குக் கோபம் வந்துவிட்டது. மூன்று நாள் பேசவில்லை. இந்த மூன்று நாளில் அவர் எதிர் அலுவலகத்தின் ஜன்னலையும், ஜன்னல் வழியே எழுத்தர் மூன்றாவது கொக்கியையும் பார்த்தபடி இருந்தார்கள். பத்தடிக்கு எட்டடிதான் என்றாலும் வீட்டு அடுப்பு எரிவது அந்தப் பத்தடிக்கு எட்டடியில்தான். நான்காவது நாள் இரவு அவருக்குத் தூக்கமே வரவில்லை. விடிந்தால் கடைசி நாள்.

காலையில் கடை திறந்ததும் அவர் சிவப்புப் பேனாவைக் கேட்டார். மனைவி எடுத்துக் கொடுத்தாள். இருநூற்று நாற்பது என்று எழுதி, கண்ணை மூடிக்கொண்டு கோடு கிழித்து, நூற்றிருபது என்று எழுதினார். அட்டையை எடுத்துக்கொண்டு போய் எழுத்தரிடம் காட்டினார்.

எழுத்தர் முகம் மலர்ந்தது, பிறகு வாடியது. "ஐம்பது பர்சென்ட். நேத்து வந்திருந்தா எடுத்திருப்பேன். பக்கத்து வட்டார அலுவலகம் அறுபதுல வாங்கினதா அறிக்கை குடுத்துட்டாங்க. இன்னைக்குக் காலையிலேருந்து எல்லாருக்கும் அறுபது."

"முந்நூறை அடிச்சு நூத்தி இருபதுன்னு போடுறேன்."

"அப்ப மிச்சம் நூத்தி எண்பதுதானே வருது. முந்நூறுக்குக் கீழ மிச்சமானா அது அற்பச் சேமிப்பு. கணக்குல சேக்க மாட்டாங்க."

"என்னதான் செய்யச் சொல்றீங்க?"

"அரசாங்கத்துக்கு நல்லா மிச்சமாகணும்னா, நீங்க கொஞ்சம் விலையை ஏத்தணும்ண்ணே. ஐநூறை அடிச்சு இருநூறுன்னு போடுங்க. அற்புதமா இருக்கும்."

ஒரேவிலை அங்கேயே நின்று ஐநூறு எழுதி அடித்தார்.

"இன்னும் ரெண்டே விஷயம்" என்றார் எழுத்தர். "ஒரே பொருளுக்கு மட்டும் தள்ளுபடின்னா எங்களுக்காகப் போட்டதுன்னு தணிக்கையில பிடிப்பாங்க. கடை முழுக்கப் போட்டுடுங்க. சலுகை எப்ப முடியுதுன்னு ஒரு கட்டம் இருக்கு, அதனால ஒரு போர்டும் வேணும். நான் மேடத்துகிட்ட கையெழுத்து வாங்கிட்டு மத்தியானம் பணத்தோட வந்துடுறேன். ஒரு கேபிளைத் தனியா எடுத்து வைங்க."

தலைக்கு மேல் வெள்ளம் போன பிறகு சாண் என்ன, முழம் என்ன. மனைவி அட்டைகளை எல்லாம் இறக்கினாள். நூற்றைம்பதுக்குத் தொங்கிய சார்ஜர் எழுநூறாகி, அடிபட்டு, இருநூற்றெண்பதாக மீண்டும் கொக்கி ஏறியது. ஒரு கேபிளை அவர் மேஜை இழுப்பறையில் பத்திரப்படுத்தினார். வாசலில் அட்டை மாட்டினார்: 'அறுபது சதவீதத் தள்ளுபடி. இன்றே கடைசி.' எழுதி முடித்துவிட்டுப் பார்த்தபோது, அதில் இரண்டாவது வரியாவது உண்மையாக இருக்கிறதே என்று மனசுக்குச் சற்று ஆறுதலாக இருந்தது.

முதலில் வந்தவர் தையற்காரர். கழுத்தில் அளவு நாடாவோடு, பாதி தைத்த சட்டைக் கையைப் பிடித்தபடி ஓடி வந்தார்.

"எழுநூறு ரூபா சார்ஜரா இது? இத்தனை வருஷமா எங்கிட்ட மறைச்சு வெச்சிருந்தீங்களே."

"அது எழுநூறு இல்ல. நேத்து வரைக்கும் நூத்தம்பதுதான். நீங்களே எடுத்துப் பாத்தீங்களே" என்றார் ஒரேவிலை. வேறென்ன சொல்வது என்று அவருக்குத் தெரியவில்லை.

தையற்காரர் அவரை ஏற இறங்கப் பார்த்தார். பின்னால் வந்து நின்றவர்களிடம் திரும்பி, "கொடுக்க மனசில்ல இவருக்கு. கூட்டத்தைக் கலைக்கப் பாக்குறாரு. விடாதீங்க" என்று சொல்லிவிட்டு இரண்டு சார்ஜர் எடுத்துக்கொண்டார்.

பத்து மணிக்குள் தெரு நிறைந்துவிட்டது. தினமும் அந்த வாசலைத் தாண்டிப் போகிறவர்கள்தான் எல்லாரும். ஒருவர் இடது கைப் பழக்கக்காரருக்கான மவுஸ் வாங்கினார். அவருக்கு இடது கைப் பழக்கம் இல்லை, பழகிக்கொள்வதாகச் சொன்னார். ஓர் அம்மாள் மூன்று கீபோர்டு வாங்கினாள். வீட்டில் கம்ப்யூட்டர் இருக்கிறதா என்று ஒரேவிலை கேட்டதற்கு, "அதுக்கும் ஒருநாள் தள்ளுபடி வராமலா போயிடும்" என்றாள். ஒரேவிலை பதினோரு மணி வரை ஒவ்வொருவரிடமும் உண்மையைச் சொன்னார். உண்மையைக் கேட்டவர்கள் எல்லாம் கூடுதலாக ஒன்று வாங்கினார்கள். பதினொன்றுக்கு மேல் நேரம் வீணாகிறதே என்று சொல்வதை நிறுத்திவிட்டார். பன்னிரண்டு மணி சுமாருக்கு, ஓர் அட்டையில் மனைவி ஆயிரம் என்று எழுதியதைப் பார்த்து, "ஆயிரத்து இருநூறுன்னு போடேன்" என்று அவரே சொன்னது அவர் காதிலேயே விழுந்தது. வெட்கமாகத்தான் இருந்தது. ஆனால் வெட்கப்பட்டுக்கொண்டு நிற்க இடமில்லை, அவ்வளவு கூட்டம்.

ஒரு மணிக்கு அலுவலகக் கண்காணிப்பாளர் மேடம் தாமே சாலையைக் கடந்து வந்தார். கூட்டம் வழி விட்டது. ஒரேவிலை எழுந்து நின்றார்.

"கேபிள் ஏதோ இருக்காமே?" என்றார் மேடம்.

கொக்கியில் இருந்தவை எல்லாம் போய்விட்டிருந்தன. ஒரேவிலை இழுப்பறையைத் திறந்து, பத்திரப்படுத்தி வைத்திருந்ததை எடுத்து, இரண்டு கையாலும் நீட்டினார். "உங்களுக்காகத்தான் மேடம் தனியா எடுத்து வெச்சேன்."

"உள்ள எடுத்து வெக்கிறதுன்னா நல்ல சரக்காத்தான் இருக்கணும்." மேடம் அட்டையைப் பார்த்தார், ஐநூறின் மேல் இருந்த கோட்டை விரலால் தடவினார், இருநூறைக் கொடுத்தார், கேபிளைக் கைப்பையில் போட்டுக்கொண்டு போனார். ஒரேவிலை நெஞ்சில் கை வைத்துக்கொண்டு உட்கார்ந்தார். கடை பிழைத்தது என்று மனைவியிடம் சொன்னார். அவள் கண்ணைத் துடைத்துக்கொண்டு அடுத்த ஆளுக்கு மீதிச் சில்லறை கொடுத்தாள்.

மூன்று மணிக்கு எழுத்தர் வந்தார். கையில் கையெழுத்தான கோப்பு, சட்டைப் பையில் பணம், முகத்தில் காரியம் முடித்தவரின் களை.

"கேபிளை எடுங்கண்ணே."

"மேடம்தான் வாங்கிட்டுப் போயிட்டாங்களே சார்."

"அது அவங்க சொந்த உபயோகத்துக்கு."

"அவங்க வீட்டுல பிரிண்டர் இருக்கா?"

"இல்ல. முந்நூறு மிச்சமாகுதே, விட மனசு வரல."

ஒரேவிலை காலி இழுப்பறையை இன்னொரு தரம் இழுத்துப் பார்த்தார். "அவங்ககிட்டேருந்து அலுவலகம் வாங்கிக்கக் கூடாதா?"

"சொந்த ஊழியர்கிட்ட அலுவலகம் பொருள் வாங்கக் கூடாது. அப்படியே வாங்கினாலும்" என்று எழுத்தர் சுற்றுமுற்றும் பார்த்துக்கொண்டார், "மேடம் தள்ளுபடி தர மாட்டாங்க."

ஐந்து மணிக்குச் சீல் வைத்தார்கள். அதிகச் சிரமமில்லை. உள்ளே பூட்டிவைக்கக் கொக்கிகளைத் தவிர ஒன்றும் மிச்சமில்லை. எழுத்தரே மெழுகுவர்த்தியைப் பிடித்து அரக்கை உருக்கினார். வாசலில் தொங்கிய அட்டையைக் கழற்றப் போன ஒரேவிலையைத் தடுத்து, "இருக்கட்டும்ண்ணே. இன்றே கடைசின்னு போட்டிருந்தீங்க, அதுபடியே நடந்திருக்கு. விளம்பரத்துல சொன்னதைச் செய்ற கடை எத்தனை இருக்கு?" என்று பாராட்டினார்.

ஒரேவிலை பணப்பையை மார்போடு அணைத்துக்கொண்டு நடைபாதையில் நின்றார். ஒன்பது வருடத்தில் ஒரே நாளில் அவ்வளவு பணத்தை அவர் பார்த்ததில்லை. அதே நாளில் கடையில்லாமலும் ஆனதில்லை. எழுத்தருக்கு மனசு கேட்கவில்லை.

"மறுபடி திறக்கணும்னா அபராதம் ஐயாயிரம் கட்டணும். நாளைக்கு வந்தீங்கன்னா முழுசாக் கட்டணும். இன்னைக்கு அலுவலகம் மூடுறதுக்குள்ள கட்டினா…" எழுத்தர் கடிகாரத்தைப் பார்த்தார். "அறுபது பர்சென்ட் தள்ளுபடி."

ஒரேவிலையின் தலை மெல்ல நிமிர்ந்தது. "அறுபதா?"

"ரெண்டாயிரம் கட்டினா போதும். மூணு அபராதமா சேத்துக் கட்டினா, மூணாவது அதுலயும் பாதி."

"எனக்கு இருக்கிறது ஒரு கடைதானே சார். மூணு எதுக்கு?"

"மூணு வருஷம் கழிச்சு மறுபடி வருவீங்க. அன்னைக்காவது எங்ககிட்ட கேபிள் இருக்கும்னு உங்களுக்கு நம்பிக்கை இருக்கா?"

ஒரேவிலை யோசித்துப் பார்த்தார். நம்பிக்கை இல்லை.

"இன்னும் பதினஞ்சு நிமிஷம்தான்" என்றார் எழுத்தர்.

அதற்குள் ஒரேவிலை சாலையின் நடுவில் இருந்தார்.

அவர் திரும்பி வந்தபோது மனைவி சீல் வைத்த கதவடியில் சிவப்புப் பேனாவோடு உட்கார்ந்திருந்தாள். அவர் முகத்தில் காலையில் தையற்காரர் முகத்தில் இருந்த அதே பளபளப்பு இருந்தது.

"எப்ப திறப்பாங்க?" என்று கேட்டாள்.

"உத்தரவு தயார். கம்ப்யூட்டர்ல காட்டினாங்க. அச்சடிச்சதும் குடுத்துடுவாங்க."

"எவ்வளவு குடுத்தீங்க?"

"எவ்வளவு குடுத்தேன்னு கேக்காத. எவ்வளவு மிச்சம்னு கேளு."

"எவ்வளவு மிச்சம்?"

"மூணு அபராதத்துக்கு ஐயாயிரம். பதினஞ்சாயிரம் ஆகவேண்டியது. பத்தாயிரம் மிச்சம்."

அவள் விரல் விட்டுக் கணக்குப் பார்த்தாள். பிறகு எதிர் அலுவலகத்து ஜன்னல் வழியே கடிகாரத்தைப் பார்த்தாள். சட்டென்று எழுந்து அவர் கையிலிருந்த பையைச் சாலை பக்கம் தள்ளினாள்.

"இன்னும் நாலு நிமிஷம் இருக்கே. என் தம்பி பேருக்கும் ஒண்ணு கட்டிட்டு வாங்க."

"உன் தம்பிக்குக் கடையே கிடையாதே."

"வைக்காமலா போயிடுவான்? ஓடுங்க."

அவர் ஓடினார்.